ஸ்டிரிப் எத்தனை மிச்சம் என்று கேட்டாயே

புதுச்சேரி
2.3.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை போனில், நீ அனுப்பிய, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற ஸ்டிரிப் தீர்ந்துவிட்டதா, அலமாரியில் தூங்குகிறதா என்று கேட்டாய். "இருக்கு, இருக்கு" என்றேன். எண்ணிச் சொல்லு என்று நீ பிடிவாதம் பிடித்ததும் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. இட்லிதான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் நீ மீட்டிங் என்பாய், நான் குக்கர் என்பேன். லாஸ்பேட்டைப் பையன் புதன்கிழமை லீட்ஸ் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசியில் உன் பார்சல் வந்தது. உடைக்காத பெட்டி இரண்டு, திறந்த டப்பா ஒன்று. "இங்கே மிச்சம் இருந்ததும்மா, உனக்கு உதவுமே" என்றாய். எதில் மிச்சம் என்று நான் கேட்கவில்லை. திறந்த டப்பாவின் மேல் 14.11 என்று பேனாவில் எழுதியிருந்தது, உன் கையெழுத்து. ஸ்கூல் லேபில் எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் தேதி எழுதி ஒட்டுவேனே, சனிக்கிழமைகளில் நீ ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து எனக்கு லேபிள் எழுதித் தருவாயே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை பாருங்கள் என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். "அது சரி, யாருக்காகத் திறந்தாளாம்?" என்றார். நான் ரசம் தாளிக்கப் போய்விட்டேன்.

என்னுடைய பழைய மெஷினும் அதே கம்பெனிதான். பெட்டியில் பேர்கூடப் பாதி ஒன்றுதான். ஆனால் ஸ்டிரிப்பைச் சொருகினால் ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. இரண்டு வீணாயிற்று. மூன்றாவதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மிஷன் வீதி மருந்துக்கடைக்குப் போனேன். "டீச்சர், கம்பெனி ஒண்ணா இருந்தா மட்டும் போதாது. மாடல் வேற, ஊருக்கு ஊர் பேரும் வேற. ஸ்டிரிப்புக்கு ஏத்த மெஷின் வேணும்" என்றான் தம்பி. அதோடு, ஸ்டிரிப்பை டப்பாவிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடிக்கலாமா என்று எனக்கே பாடம் எடுத்தான். டப்பாவுக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள், வெளியே எடுத்தால் உடனே பயன்படுத்திவிட வேண்டும். அதுவும் நம் ஊர்க் கடல் காற்றில் உப்புக்கூடக் கட்டிக்கொள்கிறது. நீயும் டப்பா மூடியை இறுக்கி மூடிப் பழகு.

இதைச் சொன்னதும் உன் மெஷினையே அனுப்பிவிட்டாய். "எனக்கு இனிமே வேணாம்மா" என்றாய். அந்த "இனிமே" என் காதிலேயே நின்றுவிட்டது.

மெஷின் வந்த அன்று நடந்த கூத்தை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன். 8.2 என்றது. நம் கணக்கில் எழுபதுக்குக் கீழே போனாலே சர்க்கரை வாயில் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் இல்லையா, அப்பா 8ஐப் பார்த்தாரோ இல்லையோ, "ஏய், உட்காரு, உட்காரு, எழுந்திருக்காதே" என்று கத்திக்கொண்டே ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்துவிட்டார். எனக்குத் தலை சுற்றவில்லை, வியர்க்கவில்லை, ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துக் குடித்தேன். அரை மணி கழித்து 13.4. "பார்த்தியா, ஏறுது" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம்தான் திரையின் மூலையில் சின்ன எழுத்தில் மில்லிமோல் என்று இருப்பது என் கண்ணில் பட்டது. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு மோல் கணக்கு போட்டுக் காட்டியவள் நான். வெட்கமாக இருந்தது. குளுக்கோஸில் கார்பன் ஆறு, 72. ஹைட்ரஜன் பன்னிரண்டு, 12. ஆக்சிஜன் ஆறு, 96. மொத்தம் 180. நாம் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கிறோம், அங்கே லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று பார்க்கிறார்கள். ஆகவே 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு. 8.2 என்றால் 148. அவர் கரைத்துக் கொடுத்த பிறகு 241! பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எதிர்வீட்டு சொல்தா மாமாவிடம் சொல்லிச் சிரித்தபோது, பாரிஸில் அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது லேப் ரிப்போர்ட்டில் 1.42 என்று வந்து அவரும் இப்படித்தான் முழித்தாராம். அங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று போடுவார்கள். அது பரவாயில்லை, நூறால் பெருக்கினால் போதும். ரத்தம் ஒன்றுதான், பார், ஊருக்கு ஒரு கணக்கு.

உன் மெஷினில் அதை மாற்ற வழியில்லை. அதனால் 18ஆம் வாய்ப்பாட்டை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்பா தினமும் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே உனக்கு நான் சர்க்கரைத் தண்ணியே குடுக்க மாட்டேன்" என்கிறார்.

மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்ற சந்தேகமும் வேண்டாம். வெறும் வயிற்றில் லேபுக்குப் போய், அவர்கள் கையில் ஊசி போட்டு எடுத்த அதே நேரத்தில் நானும் விரலில் குத்திக்கொண்டேன். மெஷின் 7.6, அதாவது 137. லேப் 131. பதினைந்து சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்பதுதான் இந்த மெஷின்களுக்கு விதி. இது ஐந்துக்குள் இருக்கிறது. நல்ல மெஷின். அந்த நம்பர்களை எல்லாம் நம்பலாம்.

இன்னொன்று. கை கழுவாமல் குத்தாதே. போன ஜூனில் பண்ருட்டிப் பலாப்பழம் வந்ததே, சுளை எடுத்துக் கொடுத்துவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு குத்தினேன். 341. ஒரு சுளைகூட நான் வாயில் வைக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 168. விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றை அது எண்ணியிருக்கிறது. கை கழுவு, மூடியை மூடு, டப்பாவில் தேதி எழுது. எழுதுகிறாய், தெரியும். ஆனாலும் சொல்கிறேன். பார்சலில் ஸ்டிரிப் அனுப்புவதும் இனி வேண்டாம், எந்த ஊர் வெயிலில் எந்த வண்டியில் கிடக்குமோ. முப்பது டிகிரிக்கு மேல் வைக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. இங்கே சித்திரையில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாதாம், அது வேறு.

நீ மெஷினை என்னிடம் கொடுத்துவிட்டாய் என்பதற்காக உன் பரிசோதனையை விட்டுவிடாதே. ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரு தரம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தரம், லேபில் பார்க்க வேண்டும். அந்த மூன்று மாதம் இந்நேரம் தாண்டியிருக்கும். பார்த்தாயா? பார்த்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். பார்க்கவில்லை என்றால் போய்ப் பார். எப்படியும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படி எழுதிவிட்டேன், இனி மறைக்க முடியாது. மெஷினில் உன் பழைய நம்பர்கள் அப்படியே இருக்கின்றன பாப்பா. அவசரத்தில் அழிக்காமல் அனுப்பியிருப்பாய். என்னுடைய நேற்றைய அளவைத் தேடிப் பட்டனை அழுத்தினேன், அது பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. செப்டம்பர் 30இல் ஆரம்பம். நாளுக்கு நாலு தரம். எழுந்ததும் ஒன்று, அப்புறம் மூன்று வேளையும் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில். என்னை மாதிரி ஆளை ஒரு மணி நேரத்தில் பார்க்கச் சொல்ல மாட்டார்கள், இரண்டு மணி நேரம்தான். யாரை அப்படிப் பார்க்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசி அளவு நவம்பர் 21, காலை 7.05. அன்று மத்தியானம் இல்லை. ராத்திரி இல்லை. அடுத்தது நான் குத்திக்கொண்டதுதான்.

நான் எதையும் கேட்கவில்லை. போன வருஷம் ஆடியில், "இனி அதைக் கேட்டால் போனே எடுக்க மாட்டேன்" என்றாய். கேட்க மாட்டேன் என்று சொன்னேன், இதுவரை கேட்கவும் இல்லை. உன் வாயை அடைத்தது என் கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது. வாராவாரம் ஏதாவது விசேஷமா, விசேஷமா என்று கேட்ட அம்மாவிடம் எதைத்தான் சொல்வாய்? ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நவம்பர் கடைசியில் புயல் அடித்து மூன்று நாள் கழித்து லைன் கிடைத்தபோது நீ அப்படி அழுதாய். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, மாடியில்தான் இருந்தோம், ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று நான் உன்னையே திட்டினேன். எங்களுக்காக அழுகிறாய் என்று நினைத்துவிட்டேன்.

ஹாலில் உன் மொட்டைப் படம் இருக்கிறதே, திருவந்திபுரத்தில் எடுத்தது. மூன்று வயசு. எல்லோருக்கும் காட்டுவோம், அழகான மொட்டை என்பார்கள். அது ஏன் போட்டது என்று உனக்குத் தெரியும். ஆயா உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லாத நாளில்லை. மூத்தவள் பிறந்த நேரம், தம்பி தங்கவில்லை, பரிகாரம் என்று. நீ பெரியவளாகி அதைச் சொல்லிச் சிரிப்பாய். சிரித்தாலும் உள்ளே எங்கேயோ வைத்திருப்பாய்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ பிறந்தபோது 4 கிலோ 200. ஆஸ்பத்திரியே வந்து பார்த்தது. சர்க்கரை இருந்திருக்கலாம், ஆறு வாரம் கழித்து வந்து பாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். நான் போகவில்லை. 1993இல் தம்பியைச் சுமந்தபோது, ஆறாம் மாதம், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிற பெனடிக்ட் சோதனை செய்து காட்டினேன். எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு என்னுடைய சிறுநீரையும் பார்த்தேன். ஐந்து மில்லி கரைசல், எட்டு சொட்டு, இரண்டு நிமிஷம் கொதிக்க வேண்டும். நீலம் பச்சையாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சளாயிற்று. ஆரஞ்சாயிற்று. கடைசியில் செங்கல் நிறம். குழாயைத் தொட்டியில் கவிழ்த்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சிறுநீரில் கொஞ்சம் சர்க்கரை வரலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது, அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சிவப்பு "கொஞ்சம்" இல்லை என்று எனக்குத் தெரியாதா? சொன்னால் ஆயா "நோயாளியைக் கட்டி வைத்துவிட்டார்கள்" என்று என் அம்மாவை இழுப்பாள். அதற்குப் பயந்தேன். வளைகாப்புக்கு ஐந்து வகை சாதமும் சாப்பிட்டேன்.

எட்டாம் மாதம் அவன் அசையவில்லை.

சர்க்கரையால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. கவனிக்காமல் விட்டால் கடைசி மாதங்களில் இப்படி நடக்கக்கூடும் என்று நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆயா உன் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தக் குழாயைச் சொல்ல வேண்டியிருக்கும். நாவிதர் உன் தலையில் கத்தி வைத்தார், நீ வீறிட்டு அழுதாய், நான் தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்பாவுக்கு இந்தக் கதை இந்த நிமிஷம் வரை தெரியாது. உன்னிடம் சொன்ன பிறகு அவரிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

உன் நம்பர்களை இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினேன். மொத்தம் 203. ஐம்பத்து மூன்று நாளில் விட்டது ஆறே தரம். முதல் நாள் காலை 5.9. அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து காலையில் 5.3ஐத் தாண்டியது மூன்று நாள்தான். சாப்பிட்ட பிறகு 7.8க்குள்ளேயே. அங்கே அந்த எல்லைதான் கொடுப்பார்கள், தேடிப் பார்த்தேன். தீபாவளி மத்தியானம் மட்டும் 10.6. நான் அனுப்பிய அதிரசமாக இருக்கும். ஒரு நாள், ஒரு வேளை, அது கணக்கே இல்லை. ராத்திரி வந்து அதையும் 7.1க்குக் கொண்டுவந்திருக்கிறாய். இத்தனை வருஷம் பேப்பர் திருத்தியவள் சொல்கிறேன், அதில் சிவப்பு மை வைக்க எனக்கு இடமே இல்லை. நீ எதையும் விடவில்லை. நான் ஒரு தரம் பார்த்துக் கழுவி ஊற்றியதை நீ ஐம்பத்து மூன்று நாள் விரலைக் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறாய். இதை யார் வேறு மாதிரி சொன்னாலும், ராத்திரியில் உனக்கே வேறு மாதிரி தோன்றினாலும், நோட்டு என்னிடம் இருக்கிறது.

பையன் கையில் ஒரு கிலோ கறுப்பு உளுந்து மாவு கொடுத்திருக்கிறேன். முழு உளுந்தைத் தோலோடு வறுத்து மெஷினில் அரைத்தது. களி கிண்டி நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடு, இடுப்புக்கு நல்லது. கருப்பட்டியும் வைத்திருக்கிறேன், ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான், நாட்டுப் பொருள் என்று ஏமாறாதே, கிள்ளிப் போடு. நார்த்தங்காய் ஊறுகாய் மாப்பிள்ளைக்கு. அவர் சாப்பிடுகிறாரா? அவரும் மெலிந்துவிட்டதாகப் பையன் சொன்னான். அவரையும் பார்த்துக்கொள். 12ஆம் தேதி மாசி மகம், வைத்திக்குப்பம் கடற்கரைக்கு நாங்கள் போவோம். தம்பிக்காக இத்தனை வருஷம் நான் மனசுக்குள் மட்டும் முங்குவேன். இந்த வருஷம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். திறந்த டப்பாவில் 21 இருந்தது. பழைய மெஷினில் வீணானது இரண்டு, மருந்துக்கடைக்குக் கொண்டுபோனது ஒன்று, உன் மெஷினில் நான் குத்தியது பதினொன்று. ஏழு மிச்சம், பெட்டி இரண்டும் உடைக்கவில்லை. இனி உடைக்கவும் மாட்டேன், திட்டாதே. அந்த மெஷினில் ஐந்நூறுக்குத்தான் இடம். அப்புறம் புதியது ஒன்று ஏற ஏறப் பழையது ஒன்று போய்விடுமாம். உன்னுடையது 203, என்னுடையது 11, இன்னும் 286. நாளுக்கு இரண்டு தரம் குத்தினால் ஐந்து மாதம் தாங்காது. அதனால் நம் ஊர் ஸ்டிரிப்பையே ஒரு பெட்டி வாங்கிவிட்டேன், பழைய மெஷினுக்கு. ஐம்பது ஸ்டிரிப், ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது, பென்ஷன் வருகிறது, ஒன்றும் கஷ்டமில்லை.

உன் மெஷினில் மணியைக்கூட மாற்றவில்லை. காலை ஆறரைக்கு நான் பார்த்தால் அது ராத்திரி இரண்டு என்கிறது. நீ தூங்கியிருக்க வேண்டிய நேரம். பேட்டரி தீராமல் இருக்க எடுத்து வைத்திருக்கிறேன், பீரோவில், உன் பட்டுப்பாவாடை இருக்கிற தட்டில்.

மூடியை இறுக்கி மூடித்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா